கற்றல் குறைபாடு மதிப்பீடு (இந்தியா)

பார்வை, செவித்திறன், அறிவுத்திறன் ஆகியவற்றில் குறையில்லாத குழந்தை வாசிப்பிலோ எழுத்திலோ கணக்கிலோ மட்டும் தொடர்ந்து பின்தங்கினால், காரணத்தைக் கண்டறியும் முறை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டை 21 வகைக் குறைபாடுகளுள் ஒன்றாக ஏற்றது.

2018-இல் வெளியாகி 2024 வரை நடப்பிலிருந்த மத்திய அரசின் நெறிமுறைப்படி, முதலில் குழந்தை மருத்துவர் கண்ணையும் காதையும் சோதிப்பார். பிறகு உளவியலாளர் நுண்ணறிவு ஈவை அளப்பார். அது 85-ஐத் தாண்டினால், பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் உருவாக்கிய சோதனைத் தொகுப்பு தரப்படும். குழந்தை பத்தியை வாசிக்கும், சொல்வதை எழுதும், கணக்குப் போடும், வடிவங்களைப் பார்த்து வரையும். விட்டுப்போன சொல், இடம் மாறிய எழுத்து எல்லாம் குறித்துக்கொள்ளப்படும்.

ல, ள, ழ குழம்புவதை மட்டும் வைத்துக் குறைபாடு என்று முடிவுகட்டுவது தவறு. அது பெரியவர்களுக்கும் உள்ள தடுமாற்றம்தான். வீட்டில் ஆங்கிலமே கேட்காத குழந்தையை ஆங்கிலத்தில் மட்டும் சோதிப்பதும் சரியன்று.

இந்நெறிமுறையின்படி 8 வயதுக்கு முன் குறைபாட்டுச் சான்றிதழ் தரப்படவில்லை. 14, 18 வயதுகளில் மறுமதிப்பீடு இருந்தது. சான்றிதழ் பெற்ற மாணவர்கள் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுத உதவியாளரும் கோரலாம்.