மைசூர்: இரண்டு நாள் சுற்றுலாவின் வரலாறு

மைசூர், கர்நாடகத்தின் பழைய அரச நகரம். தமிழ்நாட்டுக் குடும்பங்கள் சனி, ஞாயிறில் போய்த் திரும்பும் ஊர்களில் முக்கியமானது. அரண்மனை, சாமுண்டி மலை, மிருகக்காட்சி சாலை, பிலோமினா தேவாலயம், பிருந்தாவனம் என்று வேன் ஓட்டுநர்கள் மனப்பாடமாகச் சொல்லும் வரிசை தானாக அமைந்ததல்ல. சாமுண்டி மலைக் கோயிலை விட்டுவிட்டால், மற்றவை எல்லாம் 1890களிலிருந்து ஐம்பதே ஆண்டுகளுக்குள் மன்னர்களும் திவான்களும் முன்னின்று உருவாக்கியவை. அவற்றில் இரண்டில் ஜெர்மனியின் சாயல் அழுத்தமாகப் படிந்திருக்கிறது.

தொடக்கம் ஒரு தீ விபத்து. 1897இல் அரச குடும்பத்துத் திருமணத்தின்போது பழைய மர அரண்மனை எரிந்துபோனது. புதிய அரண்மனையை வடிவமைத்தவர் ஹென்றி இர்வின். சென்னை கன்னிமாரா நூலகமும் அவர் வரைந்ததுதான். 1912இல் பணி முடிந்தது. அதற்குள் சிவசமுத்திரத்தில் காவிரி நீர் மின்சாரம் தரத் தொடங்கியிருந்தது. 1902இல் அந்த மின்சாரம் முதலில் போனது, தமிழ்த் தொழிலாளர்கள் திரளாக உழைத்த கோலார் தங்கவயலுக்கு. இன்று ஞாயிறு, அரசு விடுமுறை மாலைகளில் அரண்மனை முழுவதும் ஒரு லட்சத்தை நெருங்கும் விளக்குகள் ஒரே நொடியில் எரிகின்றன.

பிலோமினா தேவாலயத்தின் முன்மாதிரி ஜெர்மனியின் கொலோன் பேராலயம். கொலோனில் 1248இல் தொடங்கிய கட்டுமானம் 1880இல்தான் நிறைவுற்றது. அதன் இரட்டைக் கோபுரங்கள் 157 மீட்டர் உயரம். மைசூர்க் கோபுரங்கள் 175 அடி, அதாவது மூன்றில் ஒரு பங்கு. ஆனால் இங்கே வேலை சில ஆண்டுகளில் முடிந்தது. 1933இல் அடிக்கல் நாட்டியவர் ஓர் இந்து மன்னர், நான்காம் கிருஷ்ணராஜ உடையார். வரைபடம் டாலி என்ற பிரெஞ்சுக்காரருடையது. புனித பிலோமினாவின் திருப்பண்டத்தைப் பெற்று வந்தவர் மன்னரின் செயலர் தம்பு செட்டி. பீடத்துக்கு அடியில் குறுகலான படிகளில் இறங்கினால் நிலவறை. அங்கே புனிதையின் உருவம் படுத்த நிலையில் இருக்கிறது. மேலே வண்ணக் கண்ணாடிகளில் இயேசுவின் பிறப்பும் கடைசி இராவுணவும். கோபுரத்தைப் படமெடுத்துவிட்டு வெளியிலேயே திரும்புபவர்கள் ஆலயத்தின் சிறந்த பகுதியை இழக்கிறார்கள்.

இரண்டாவது சாயல் பிருந்தாவனம். கண்ணம்பாடி அணை, அதாவது கிருஷ்ணராஜசாகர், 1911இல் பொறியாளர் விஸ்வேசுவரய்யாவின் திட்டப்படி தொடங்கியது. காவிரி டெல்டாவில் அதைச் சுற்றுலாத் தலமாக நினைப்பவர் குறைவு; ஆனால் 124.80 அடி என்ற அதன் முழு நீர்மட்டம் அங்கே நாளிதழ் படிக்கும் எந்த விவசாயிக்கும் தெரியும். அந்த அணைக்கட்டின் அடியில் பூங்கா அமைக்க முனைந்தவர் திவான் மிர்சா இஸ்மாயில்; நகரை அழகுபடுத்துவதையும் ஆட்சிப் பணியாகவே கருதியவர். பூங்காவை வடிவமைத்த பெருமை குஸ்டாவ் ஹெர்மன் க்ரும்பீகலுக்கு உரியது. டிரெஸ்டன் அருகே 1865இல் பிறந்து, லண்டன் கியூ தோட்டத்தில் பணியாற்றி, பரோடா வழியாக 1908இல் மைசூர் அரசுப் பணிக்கு வந்தவர் அவர். பெங்களூர் லால்பாக்கை வளர்த்ததும் அவரே. 1956இல் பெங்களூரிலேயே காலமானார். லட்சக்கணக்கானோர் நடக்கும் பிருந்தாவனப் பாதைகளில் அவர் பெயர் இன்னும் பலமாக ஒலிக்க வேண்டும்.

இந்த இடங்களுக்குப் போகும் வழிகள் பல. மேட்டூர்ப் பக்கத்தாருக்கு இந்தப் பயணத்தின் வாசல் பாலாறு. வேலூர்ப் பாலாறு வேறு. இது கொளத்தூரைத் தாண்டியதும் மாநில எல்லையாக ஓடிக் காவிரியில் சேரும் சிற்றாறு. பாலத்துக்கு அப்பால் சோதனைச்சாவடி, காட்டுச் சாலை, மாதேஸ்வரன் மலையில் தரிசனம், கொள்ளேகால், பிறகு மைசூர். 1993 ஏப்ரல் 9இல் பாலாறு அருகே சந்தனக் கடத்தல்காரன் வீரப்பனின் கும்பல் வைத்த கண்ணிவெடிக்கு 22 பேர் பலியானார்கள். 2004இல் வீரப்பன் கொல்லப்பட்ட பிறகுதான் அந்த வழியின் அச்சம் தணிந்தது.

சென்னைவாசிகளுக்கு 2022 நவம்பர் முதல் வந்தே பாரத் ரயில் இருக்கிறது. கோவை, ஈரோடு வண்டிகள் திம்பம் மலைச்சாலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகின்றன. அங்கே 2022 பிப்ரவரி முதல் இரவுப் போக்குவரத்துக்குத் தடை. ஞாயிறு மாலை அரண்மனை விளக்கைப் பார்க்க நிற்கும் வெளியூர்க்காரர்கள் திங்கள் காலையில்தான் அந்த மலைச்சாலையில் இறங்க முடியும்.