பனிவீசி (வீட்டுப் பயன்பாடு)

பனிவீசி என்பது தரையில் படிந்துள்ள வெண்பனியை அள்ளித் தூரத்தே வீசும் பொறி ஆகும். கனடா, ஐக்கிய அமெரிக்காவின் வட மாநிலங்கள், வட ஐரோப்பிய நாடுகள், யப்பான் ஆகிய பனி மிகுந்த இடங்களில் இது பரவலாகப் பயன்படுகின்றது. கனடாவாழ் தமிழர் பேச்சு வழக்கில் இது "ஸ்னோ புளோவர்" எனப்படும். புளோவர் என்ற சொல் ஊதுவதைக் குறித்தாலும் இப்பொறி காற்றினால் பனியை ஊதுவதில்லை. சுழலும் அலகுகளால் பனியைக் கவ்வி எறிகின்றது. தமிழில் பனி என்பது மார்கழி மாதத்துப் புகாரையும் புல்லின்மேல் நிற்கும் துளியையும் குறிக்கும் சொல். இக்கட்டுரையில் அது வானிலிருந்து விழும் வெண்பனியை மட்டுமே குறிக்கின்றது.

இப்பொறி தொடருந்துப் பாதை, விமான ஓடுதளம், நெடுஞ்சாலை எனப் பல இடங்களுக்கும் பல அளவுகளில் உண்டு. வீட்டின் முன் வாகனம் நிறுத்தும் பாதைக்கு (டிரைவ்வே) ஏற்ற சிறிய பனிவீசிகளும் அவற்றைத் தெரிவு செய்யும் முறையும் இங்கு விளக்கப்படுகின்றன.

வரலாறு

சுழலும் அலகு கொண்ட பனி அகற்றும் பொறி முதலில் தொடருந்துக்காகவே எண்ணப்பட்டது. ரொறன்ரோவைச் சேர்ந்த பல் மருத்துவரான ஜே. டபிள்யூ. எலியட் 1869 இல் அத்தகைய ஒரு வடிவமைப்பிற்குக் காப்புரிமம் பெற்றார். சாலைக்கான பனிவீசியை உருவாக்கியவர் கியூபெக்கைச் சேர்ந்த ஆர்தர் சிக்கார்ட். தானியக் கதிர்களை உள்ளிழுத்துப் பிரிக்கும் வேளாண் பொறியைப் பார்த்தே அவருக்கு இவ்வெண்ணம் தோன்றியது என்பர். 1925 இல் அவர் பாரவூர்தியில் பொருத்திய பொறியை இயக்கிக் காட்டினார். 1927 இல் மொன்றியாலை அடுத்திருந்த ஊற்றெமொன் நகரம் அவரிடம் முதற் பொறியை வாங்கியது. ஒருவர் பின்னால் நடந்து இயக்கக்கூடிய சிறிய பனிவீசிகள் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே சந்தைக்கு வந்தன.

பனியின் எடை

பனிவீசியைத் தெரிவு செய்வோர் பலரும் ஆண்டுக்கு எத்தனை சென்ரிமீற்றர் பனி விழுகின்றது என்பதையே முதலில் பார்ப்பர். ரொறன்ரோவில் இது சுமார் 120 செ.மீ., ஒட்டாவாவில் 200 செ.மீ. இற்கு மேல், கியூபெக் நகரில் சுமார் 300 செ.மீ. ஆகும். ஆனால் பொறிக்குச் சுமையாவது உயரம் அன்று, எடையே.

கடுங்குளிரில் புதிதாக விழுந்த உலர்ந்த பனியின் ஒரு கன மீற்றர் 100 கி.கி. அல்லது அதற்கும் குறைவாக இருக்கும். வெப்பநிலை 0 பாகை செல்சியசை அண்மிக்கும்போது விழும் ஈரப்பனி அதைப்போல் மும்மடங்கு கனக்கலாம். இரு மகிழுந்துகள் நிற்கத்தக்க 6 மீ. அகலமும் 10 மீ. நீளமும் கொண்ட பாதையில் 20 செ.மீ. பனி விழுந்தால் அது 12 கன மீற்றர் ஆகும். உலர்பனியாயின் அதன் எடை சுமார் 1200 கி.கி.; ஈரப்பனியாயின் சுமார் 3600 கி.கி.

இதைவிட முக்கியமானது பாதையின் வாயிலில் சேரும் பனி. நகராட்சியின் பனி ஒதுக்கும் வண்டி தெருவைத் துப்புரவு செய்து செல்லும்போது தெருவில் இருந்த பனியும் உப்பும் பனிக்கட்டித் துண்டுகளும் ஓரமாகத் தள்ளப்பட்டு, வயல் வரம்பு போல வீட்டு வாயிலுக்குக் குறுக்கே நின்றுவிடுகின்றன. மேற்கூறிய பாதையின் வாயிலில் 1 மீ. அகலமும் 40 செ.மீ. உயரமும் கொண்ட வரம்பு நின்றால் அது 2.4 கன மீற்றர்தான். ஆயினும் நெருக்கப்பட்ட அப்பனி கன மீற்றருக்கு 400 கி.கி. எனக் கொண்டால் அதன் எடை 960 கி.கி. ஆகின்றது. அதாவது பரப்பில் பத்தில் ஒரு பங்கு இடத்தில், ஏனைய முழுப் பாதையிலும் உள்ள உலர்பனிக்கு ஏறத்தாழச் சமமான எடை குவிந்திருக்கின்றது. சில மணி நேரம் விட்டால் அது இறுகிக் கல்லாகிவிடும். கடையில் பார்க்கும்போது நன்றாகத் தோன்றிய சிறிய பொறிகள் பெரும்பாலும் தோற்றுப்போகும் இடம் இதுவே. எனவே பொறியை இவ்வரம்பை மனதில் வைத்தே தெரிவு செய்தல் வேண்டும்.

வகைகள்

ஒருபடிப் பனிவீசியில் ஒரே சுழல் அலகு உண்டு. அதன் இறப்பர் விளிம்புகள் தரையைத் தொட்டபடி சுழன்று பனியை அள்ளி, அதே வேகத்தில் போக்குகுழல் வழியே எறிகின்றன. தரை தெரியுமளவுக்குச் சுத்தமாக வழிப்பதும், தூக்கி வைக்க எளிதாயிருப்பதும் இதன் சிறப்புகள். இதன் அகலம் பொதுவாக 45 முதல் 55 செ.மீ. வரை. சுமார் 20 செ.மீ. வரையான புதுப்பனிக்கு இது போதுமானது. இறுகிய வரம்பில் இது துள்ளும், அல்லது ஏறி நிற்கும்.

இருபடிப் பனிவீசியில் பல் கொண்ட உலோகத் திருகு அலகு மெதுவாகச் சுழன்று பனியை உடைத்து நடுவே கொண்டுவருகின்றது. அதன் பின்னால் விரைந்து சுழலும் வீசுசக்கரம் அதை வெளியே எறிகின்றது. அகலம் பெரும்பாலும் 60 முதல் 75 செ.மீ. வரை. சில்லுகள் இயந்திர ஆற்றலால் தாமே உருள்வதால் இயக்குபவர் தள்ளவேண்டியதில்லை. எடை மிகுதியாகையால் திருப்புவது கடினம். ஆதலால் கைப்பிடியில் ஒரு பக்கச் சில்லை மட்டும் விடுவிக்கும் விசை உள்ள பொறிகள் முதியோருக்கு உகந்தவை. மூன்றாவது அலகொன்றைச் சேர்த்த முப்படிப் பொறிகளும் உண்டு. சாதாரண நகர வீட்டிற்கு அவை தேவைப்படுவது அரிது.

தரையும் இடமும்

சரளைக்கல் பரப்பிய பாதையில் ஒருபடிப் பனிவீசியை இயக்கலாகாது. தரையைத் தொடும் அலகு கற்களையும் அள்ளி எறியும். சாளரக் கண்ணாடி மட்டுமன்றி எதிரே வருபவரின் கண்ணும் ஆபத்துக்குள்ளாகும். இருபடிப் பொறியின் இரு பக்கங்களிலும் உள்ள சறுக்கு அடிகளைச் சரிசெய்து அலகை ஓரிரு சென்ரிமீற்றர் உயர்த்திக்கொள்ளலாம். முதற் பனியை அகற்றாமல் மிதித்து இறுகவிட்டு, அதற்கு மேல் விழுவதை மட்டும் எடுப்பது நாட்டுப்புறங்களில் உள்ள வழக்கம்.

எறியும் தூரத்தை விளம்பரங்கள் பெரிதாகச் சொல்வதுண்டு. வீடுகள் நெருங்கி நிற்கும் புறநகரில் பனியை எறிய முன்புற்றரை ஒன்றே இருக்கும். அங்கு 15 மீ. எறியும் ஆற்றலுக்குப் பணம் கொடுப்பது வீண். பாதையின் நீளத்தைவிட, பனியைப் போட எங்கே இடம் உள்ளது என்பதும் கொட்டகைக்குள் பொறியை வைக்க இடம் உண்டா என்பதும் கூடுதலாகக் கவனிக்கத்தக்கவை. கனடாவில் சில நகராட்சிகள் வாயில் வரம்பைத் தாமே அகற்றுகின்றன. அவ்வாறான தெருவில் சிறிய ஒருபடிப் பொறியே போதுமானதாகலாம்.

ஆற்றல் மூலம்

பெற்றோல் பொறிகளின் வலு இன்று பெரும்பாலும் உருளைக் கொள்ளளவால் குறிக்கப்படுகின்றது. 60 செ.மீ. அகல இருபடிப் பொறிக்கு 200 கன செ.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட இயந்திரம் வழமை. அகலத்தைக் கூட்டி இயந்திரத்தைச் சிறிதாக வைத்த பொறிகள் ஈரப்பனியில் திணறும். மின்கம்பி இணைத்து இயக்குபவை மலிவானவை, இலகுவானவை. படிகள், நடைபாதை, சிறிய முற்றம் ஆகியவற்றுக்கு ஏற்றவை. கம்பி பனிக்குள் மறைந்து அலகில் சிக்கக்கூடும் என்பது அவற்றின் குறை. இலித்தியம் மின்கல வகைகள் ஒலியும் புகையும் குறைந்தவை. எனினும் குளிரில் மின்கலத்தின் ஆற்றல் குறைவதால் அதை வீட்டிற்குள் வைத்திருந்து, தொடங்கும் வேளையில் பொருத்துவதே முறை. வரம்பு வேலையின் கடைசியிலேயே வருவதையும் நினைவிற் கொள்ளவேண்டும்: மின்கலம் தளரும் வேளையும் அதுவே.

உடல்நலமும் விபத்தும்

சவளால் பனி அள்ளுதல் திடீர்க் கடும் உழைப்பு. குளிரில் குருதிக் குழாய்களும் சுருங்குகின்றன. கியூபெக் மாகாணத்தின் 1981 முதல் 2014 வரையான தரவுகளைக் கொண்டு 2017 இல் கனடிய மருத்துவச் சங்க இதழில் வெளியான ஆய்வொன்று, 20 செ.மீ. பனி விழுந்ததன் பின்னர் ஆண்கள் மாரடைப்பால் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு சுமார் 16% கூடியதாகக் கண்டது. யார் பனி அள்ளினர் என்பதை அவ்வாய்வு அளக்கவில்லை. எனினும் அதுவே காரணமாகலாம் என ஆய்வாளர் கருதினர். இதய நோயுள்ளோர் பனிவீசி வாங்க இது தக்க காரணம். ஆனால் ஒருபடிப் பொறியை ஈரப்பனியில் தள்ளுவதும் இலகுவான வேலை அன்று.

பனிவீசியின் பெருங்கேடு விரல் இழப்பு. ஈரப்பனி போக்குகுழலை அடைக்கும்போது பலர் கையை விட்டு எடுக்க முயல்கின்றனர். இயந்திரத்தை நிறுத்திவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டது என்று எண்ணுவதும் தவறு. அடைபட்டு நின்ற அலகிலும் வார்ப்பட்டையிலும் இறுக்கம் தேங்கியிருக்கக்கூடும்; அடைப்பு நீங்கிய கணத்தில் அலகு சட்டெனச் சுழலும். ஆகவே இயந்திரத்தை நிறுத்தி, சாவியைக் கழற்றி, சுழல்வன யாவும் ஓய்ந்தபின், பொறியுடன் தரப்படும் அகப்பையாலோ தடித்த கம்பினாலோ மட்டுமே அடைப்பை நீக்குதல் வேண்டும். கையுறை இதில் காப்பன்று. அகப்பை பொருத்தப்படாத பழைய பொறியை வாங்குவோர் அதனைத் தனியே வாங்கிக்கொள்வது நன்று. கைப்பிடியை விட்டவுடன் அலகை நிறுத்தும் நெம்பைக் கயிற்றால் கட்டிவைப்பதும் உயிராபத்தானது.

பெற்றோல் பொறியை மூடிய கொட்டகைக்குள் இயக்கினால் கார்பனோரொட்சைட்டு சேர்ந்து உயிரிழப்பு நேரலாம். கதவு திறந்திருப்பது போதாது. பொறியை வெளியே உருட்டிய பின்னரே தொடங்கவேண்டும். சூடான இயந்திரத்தில் எரிபொருள் ஊற்றலாகாது.

பராமரிப்பு

திருகு அலகை அச்சுடன் இணைக்கும் மென்மையான ஆணிகள் கல்லோ கட்டியோ சிக்கும்போது முறிந்து, பற்சக்கரப் பெட்டியைக் காக்கின்றன. அவை முறிவதற்கென்றே அமைந்தவை. கடினமான சாதாரண ஆணியை மாற்றாகப் போட்டால் அடுத்த முறை உடைவது விலைமிக்க பற்சக்கரமாகும். உரிய ஆணிகள் சிலவற்றைக் கையிருப்பில் வைத்திருப்பர்.

முதற் பனிநாளில் பொறி தொடங்காமைக்குப் பெரும்பாலும் காரணம் கோடை முழுவதும் தேங்கிக் கெட்ட பெற்றோல். பருவ முடிவில் கலத்தை வெறுமையாக்குவது அல்லது எரிபொருள் நிலைப்படுத்தி கலப்பது இதைத் தவிர்க்கும்.

சட்டம்

ஒன்ராறியோவில் அனுமதியின்றித் தெருவில் பனியைப் போடுவது நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தினால் தடைசெய்யப்பட்டுள்ளது. வரம்பை உடைக்கும்போதும் போக்குகுழலைத் தெருவின் பக்கம் திருப்பாமல் தம் நிலத்துக்குள்ளேயே எறிதல் வேண்டும். தெருவை நோக்கி நின்றால் வண்டியின் போக்கில் வலப்பக்கமாக உள்ள பனி அடுத்த முறை தம் வாயிலைக் கடந்து செல்லும் திசையிலேயே இருக்கும். ஆதலால் வண்டி வரும் பக்கத்துத் தெருவோரத்தில் பனியைக் குவிக்காதிருப்பின் அடுத்து வரும் வரம்பின் அளவும் குறையும்.