மிச்சம் வைக்கும் வைத்தியம்

ஆல்ப்ஸ் மலை மண்ணில் அயோடின் குறைவு. அதனால் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்தைச் சுற்றிய ஊர்களில் ஒரு காலத்தில், தைராய்டு சுரப்பி வீங்கும் கழுத்துக் கழலை இல்லாத குடும்பமே அரிதாக இருந்தது. அதில் கத்தி வைக்க அன்றைய மருத்துவர்கள் அஞ்சினார்கள். ரத்தம் பெருகி நோயாளி மேசையிலேயே இறந்துவிடுவார். 1850இல் பிரெஞ்சு மருத்துவக் கழகம் இந்த அறுவையைத் தடையே செய்தது.

1872இல் பெர்னில் பேராசிரியரான தியோடர் கோஹர் அந்த அச்சத்தைப் போக்கினார். அவசரமே படமாட்டார். ஒவ்வொரு ரத்தக்குழாயையும் தேடிக் கட்டிய பிறகே வெட்டுவார். கை தேர்ந்ததும் சுரப்பியை முழுமையாகவே எடுக்கத் தொடங்கினார். அங்கேதான் வினை வந்தது. முழுச் சுரப்பியும் எடுக்கப்பட்ட ஒரு சிறுமி வளராமல், புத்தி மந்தமாகிவிட்டாள் என்று தகவல் வந்தது. ஜெனீவாவின் ரெவர்டினும் இப்படிப்பட்ட மாற்றங்களைக் கண்டிருந்தார். கோஹர் பழைய நோயாளிகளைத் திரும்ப வரவழைத்தார். முகம் ஊதி, பேச்சு இழுத்து, குளிரில் நடுங்கியபடி வந்தார்கள். 1883இல் பெர்லின் மாநாட்டில் அதை அவரே எடுத்துச் சொன்னார். நோயற்ற பகுதியை விட்டுவைக்கலானார். 1909இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. என் கண்ணுக்கு அந்தப் பெர்லின் உரைதான் பெரிது.

1891இல் இங்கிலாந்தின் ஜார்ஜ் மர்ரே ஆட்டுத் தைராய்டின் சாற்றை ஊசியாகப் போட்டு, தைராய்டு குறைந்து நலிந்த ஒரு பெண்ணைத் தேற்றினார். பின்னாளில் மாத்திரையும் வந்தது. 'எடுத்தால் என்ன, மாத்திரை இருக்கிறதே' என்ற துணிச்சலும் கூடவே வந்தது. ஸ்கேன் மருத்துவரான நான், புற்று இல்லாத ஒரு கட்டிக்காகச் சுரப்பியையே கொடுத்துவிட்டு, விடிந்ததும் வெறும் வயிற்றில் மாத்திரை விழுங்கும் பெண்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

மாற்று வழிக்கான விதை விழுந்ததும் அதே 1891இல்தான். பிரான்சின் தார்சோன்வால், மிக வேகமாகத் திசைமாறும் மின்சாரம் தசையைத் துடிக்க வைக்காமல் உடம்பைச் சூடாக்குவதை விளக்கினார். 1990களில் ஈரல் கட்டிகளுக்குள் ஊசியைச் செலுத்தி அந்தச் சூட்டால் கருக்கினார்கள். 2001இல் அமெரிக்காவில், அறுவைக்குப் பின் கழுத்தில் மீண்டும் முளைத்த தைராய்டு புற்றில் அது கையாளப்பட்டது. 2006இல் தென் கொரிய மருத்துவர்கள் சாதாரணத் தைராய்டு கட்டிகளில் செய்து காட்டினார்கள். ஊசியை ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே சுடும் முறையைச் சியோலின் பேக் ஜங் ஹ்வான் குழு வகுத்தது.

இன்று நாங்களும் இப்படித்தான் செய்கிறோம். முதலில் மெல்லிய ஊசியால் செல்களை எடுத்துச் சோதிக்கும் எஃப்.என்.ஏ.சி. பார்த்துப் புற்று இல்லை என்று உறுதி செய்வோம். கழுத்தில் மரப்பு ஊசி போட்டு, நடுக்கழுத்து வழியாக 18 கேஜ் ஊசியைச் செலுத்துவோம். முனை மட்டுமே சுடும். உள்ளே குளிர்ந்த நீர் ஓடும். கட்டியின் அடியிலிருந்து மேல் நோக்கிச் சுட்டு வருவோம். வெந்த இடம் திரையில் வெள்ளைக் குமிழிகளாகப் பொங்கும். குரல் நரம்பு ஒட்டிச் செல்லும் மூலையை மட்டும் தொடமாட்டோம். நோயாளி விழித்தே இருப்பார். நடுநடுவே நிறுத்தி, "ஏழாம் வாய்ப்பாடு சொல்லுங்க" என்பேன். குரல் பிசிறில்லாமல் வந்தால்தான் அடுத்த சூடு.

கட்டி உடனே மறையாது. வெந்த சதையை உடம்பே மெல்லக் கரைக்கும். ஆறு மாதத்தில் பெரும்பாலும் பாதிக்கு மேல் சுருங்கும். கொஞ்சம் எஞ்சும், சிலருக்கு மறுபடி வளரவும் கூடும். மூச்சுக்குழாயை நெரிக்கும் பெரிய கழலைக்கு இன்றும் கத்திதான் சரி. ஆனால் தொண்டையில் உறுத்தும் ஒற்றைக் கட்டிக்காக, ஒழுங்காக வேலை செய்யும் சுரப்பியைப் பலி கொடுக்க வேண்டியதில்லை. கோஹரின் நோயாளிகள் தங்கள் வாழ்க்கையை விலையாகக் கொடுத்து நமக்குக் கற்பித்த பாடம் இது. எந்தக் கருவி கைக்கு வந்தாலும், எதை எடுக்கலாம் என்று பார்ப்பதற்கு முன் எதை விட்டுவைக்கலாம் என்று பார்ப்பதே மருத்துவரின் கடமை.