நிலக்கரிக்குப் பிறகு அலைக்கற்றை

பல நாடுகளில், பல நேர வலயங்களில் இருந்து இணைந்திருக்கிறீர்கள். நான் ஜேர்மனியின் எசன் நகரிலிருந்து பேசுகிறேன். இலக்கியக் கூட்டத்தில் அலைக்கற்றைக்கு என்ன வேலை என்று சிலருக்குத் தோன்றலாம். உங்களில் பலர் இதைக் கைத்தொலைபேசியில்தான் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். என் குரல் உங்களை வந்தடையும் கடைசித் துண்டுத் தூரம், ஏதோ ஓர் அரசு ஏதோ ஒரு நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்த அலைவரிசையில் நடக்கிறது. காணி உறுதி மாதிரி வானத்துக்கும் உறுதி எழுதியிருக்கிறார்கள். அது எப்படி எழுதப்பட்டது என்பதுதான் இன்றைய பேச்சு.

எசன் நிலக்கரியின் ஊர். இங்குள்ள சொல்ஃபெராய்ன் சுரங்கம் 1986இல் மூடப்பட்டது. 2001 முதல் அது யுனெஸ்கோ உலக மரபுச் சின்னம். இந்தப் பகுதியில் கரி தோண்டியவர்களை ஆண்டது 1865ஆம் ஆண்டின் பிரஷ்யச் சுரங்கச் சட்டம். அதன்படி காணி உங்களுடையதாக இருக்கலாம், அடியில் கிடக்கும் கரி உங்களுடையது அல்ல. கண்டுபிடித்தவர் அரசிடம் விண்ணப்பித்து, எல்லை குறித்த ஒரு சுரங்கப் புலத்தைப் பெற வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஒரு வளத்தை அரசு கோடு போட்டுப் பங்கிடும் பழக்கம் ரூர் பகுதிக்குப் புதிதல்ல.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கரியை எரித்தால் தீர்ந்துவிடும். அலை தீராது. நான் பேசி முடித்த நொடியிலேயே அதே அலைவரிசை அடுத்தவருக்குத் தயார். அப்படியானால் தட்டுப்பாடு எங்கிருந்து வருகிறது? ஊர்த் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் இரண்டு ஒலிபெருக்கிகள் ஒரே நேரத்தில் அலறினால் இரண்டு பாட்டும் விளங்காது. ஒன்று நேரம் மாற வேண்டும், அல்லது தூரம் போக வேண்டும். அலைக்கற்றைத் திட்டம் என்பது இந்த ஒழுங்குதான். அதன் அடியில் எப்போதும் ஒரு கேள்வி இருக்கிறது: யாருடைய குரல் முதலில்?

அந்தக் கேள்வி உலக அரங்குக்கு வந்ததே ஒரு கோபத்தால். 1902இல் ஜேர்மன் இளவரசர் ஹைன்ரிச் அமெரிக்கப் பயணம் முடித்துக் கப்பலில் திரும்பும்போது, ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கு நன்றித் தந்தி அனுப்ப முயன்றார். கப்பலில் இருந்தது ஜேர்மன் கருவி. கரையில் இருந்தது மார்க்கோனி நிலையம். வேறு நிறுவனத்தின் கருவி என்று சொல்லிச் செய்தியை வாங்க மறுத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டே ஜேர்மனி பெர்லினில் ஒரு மாநாட்டைக் கூட்டியது. 1906இல் அதே பெர்லினில் உடன்படிக்கை வந்தது. எந்தக் கருவியானாலும் கப்பலின் செய்தியைக் கரை நிலையம் ஏற்க வேண்டும், பொதுச் செய்திகளுக்கு 300 மீட்டர், 600 மீட்டர் அலைநீளங்கள் என்று முடிவானது. உலகம் வானத்தில் இழுத்த முதல் கோடுகளில் அவையும் அடங்கும்.

இனி தொலைபேசிக்கு வருவோம். மேற்கு ஜேர்மனியில் 1958இல் 'ஏ' வலையமைப்பு தொடங்கியது. காரில் பொருத்தும் கருவி, அழைப்பை இணைப்பதற்கு நிலையத்தில் ஆள். சந்தாதாரர்கள் உச்சத்தில் ஏறத்தாழ 11,000 பேர். 1972இல் 'பி' வலையமைப்பு வந்தது. இதில் ஆள் தேவையில்லை. ஆனால் காரில் இருப்பவரை அழைக்க வேண்டுமானால், அவர் அந்த நேரம் எந்த வட்டாரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறார் என்று அழைப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் இருக்கும் இடம் தெரிந்தால்தான் அவரோடு பேசலாம். புலம்பெயர்ந்தவர்களுக்கு இந்த நிலைமையை விளக்கத் தேவையில்லை. 1985இல் 450 மெகாஹெர்ட்ஸில் 'சி' வலையமைப்பு. இது ஆளைத் தானே தேடிக் கண்டுபிடித்தது. உச்சத்தில் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட சந்தாதாரர்கள்.

ஆயிரங்கள் எப்படி லட்சங்களாயின? 1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டக்ளஸ் ரிங் ஒரு குறிப்பு எழுதினார். நகரத்தை ஒரே பெரிய கோபுரத்தால் மூடாதீர்கள், தேன்கூடு போலச் சிறு அறைகளாகப் பிரியுங்கள் என்பது அதன் சாரம். அடுத்தடுத்த அறைகளுக்கு வெவ்வேறு அலைவரிசைகள். சற்றுத் தள்ளியுள்ள அறைக்கு மறுபடி முதல் அலைவரிசை. 1987இல் ஐரோப்பா ஜிஎஸ்எம் முறைக்கு 900 மெகாஹெர்ட்ஸில் போக 25, வர 25 மெகாஹெர்ட்ஸ் ஒதுக்கியது. அதில் 124 தடங்கள், தடத்துக்கு எட்டு நேரத் துண்டுகள். பெருக்கிப் பாருங்கள், ஆயிரம் பேர்கூட ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் பேச முடியாது. அறைகளைச் சிறிதாக்கி, அதே தடங்களைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதால்தான் கோடிக்கணக்கானோர் பேச முடிகிறது. ஆள் பெருகப் பெருகக் கோபுரங்கள் நெருங்கும். கோபுரத்துக்குக் காசு வேண்டும். கூட்டம் உள்ள நகரத்தில் அந்தக் காசு திரும்பி வரும். ஆளில்லாத கிராமத்தில் வராது.

இந்தத் தொழிலுக்குள் ஜேர்மனியில் யார் யார் நுழைந்தார்கள் என்பது சுவாரசியமானது. 1989 டிசம்பரில் முதல் தனியார் உரிமம் பெற்றது எஃகுக் குழாய் செய்த மனஸ்மன். அவர்களுடைய டி2 வலையமைப்பு 1992இல் தொடங்கியது. 1993இல் அடுத்த உரிமம் பெற்ற ஈ-பிளஸ் கூட்டணியின் தலைமையில் எஃகு நிறுவனமான தைசனும், மின்சாரம், நிலக்கரி என்று வளர்ந்த ஃபேபாவும் இருந்தன. சுரங்கங்கள் மூடிக்கொண்டிருந்த காலத்தில் ரூர், ரைன் பகுதிகளின் பழைய முதலாளிகள் தலைக்கு மேலே அடுத்த புலத்தைத் தேடினார்கள்.

அந்த உரிமங்கள் தகுதி பார்த்துக் கொடுக்கப்பட்டவை. 2000இல் முறை மாறியது. மூன்றாம் தலைமுறைக்கான ஏலம் மைன்ஸ் நகரில் ஜூலை 31இல் தொடங்கி, 173 சுற்றுகள் நடந்தது. ஆறு நிறுவனங்கள் சேர்ந்து கட்டிய தொகை ஏறத்தாழ 9,940 கோடி மார்க், அதாவது ஏறத்தாழ 5,080 கோடி யூரோ. அரசுக்குக் கடன் அடைக்க நல்ல காசு. ஆறில் இரண்டு நிறுவனங்கள், குவாமும் மொபில்காமும், வலையமைப்பைக் கட்டி முடிக்கவேயில்லை. மற்றவர்களுக்கு இருந்த கட்டாயம் என்ன? 2005 முடிவுக்குள் மக்கள்தொகையில் பாதிப்பேருக்குச் சேவை. எசன், டோர்ட்முண்ட், கொலோன் போன்ற பெருநகரங்களையும் அவற்றைச் சுற்றியுள்ள ஊர்களையும் மூடினாலே அந்தக் கணக்கு சரியாகிவிடும். விதி எதைக் கேட்டதோ அதுதான் கிடைத்தது. கிராமத்தை விதி கேட்கவில்லை.

ஏலம் வேண்டாம், வரிசையில் முதலில் வந்தவருக்குக் கொடுக்கலாம் என்றால்? அதையும் நாம் பார்த்திருக்கிறோம். 'அலைக்கற்றை' என்ற சொல்லைத் தமிழ்நாட்டின் தேநீர்க் கடைகள் வரை கொண்டு சேர்த்ததே அந்த வரிசைதான். வானலைகள் பொதுச்சொத்து என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொல்லியிருந்தது. 2008 ஜனவரியில் முதலில் வந்தவருக்கு முன்னுரிமை என்ற முறையில், 2001ஆம் ஆண்டு விலைக்கு 122 உரிமங்கள் போயின. விண்ணப்பத்துக்கான கடைசி நாளும் முன்தள்ளப்பட்டிருந்தது. 2012 பிப்ரவரி 2இல் உச்ச நீதிமன்றம் அந்த உரிமங்களை ரத்துச் செய்தது. குற்ற வழக்கில், அன்றைய அமைச்சர் ஆ. ராசா உள்ளிட்ட அனைவரையும் சிறப்பு நீதிமன்றம் 2017 டிசம்பரில் விடுவித்தது. இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்தே நாம் நினைவில் வைக்க வேண்டும். வரிசை என்பது பார்க்க நியாயமாக இருக்கும். வரிசை எப்போது தொடங்குகிறது, கதவு எப்போது மூடுகிறது என்று தீர்மானிப்பவர் கையில்தான் அந்த நியாயம் இருக்கிறது.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். 2010இல் மைன்ஸில் இன்னோர் ஏலம் நடந்தது. தொலைக்காட்சி டிஜிட்டலுக்கு மாறியதால் 800 மெகாஹெர்ட்ஸ் பகுதி காலியாகியிருந்தது. தாழ்ந்த அலைவரிசை நெடுந்தூரம் போகும், சுவரையும் ஊடுருவும். ஒரு கோபுரமே பரந்த வயல்வெளிக்குப் போதும். 224 சுற்றுகளில், மற்ற அலைவரிசைகளையும் சேர்த்துக் கிடைத்தது ஏறத்தாழ 438 கோடி யூரோ. 2000இல் வந்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் 800 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. ஒவ்வொரு மாநிலத்திலும் முதலில் 5,000 பேருக்குக் குறைவான ஊர்கள். அங்கே 90 விழுக்காட்டினரை எட்டிய பிறகு 20,000 வரையான ஊர்கள். பிறகு 50,000 வரை. பெரிய நகரங்கள் கடைசி.

எசனில் ஏறத்தாழ 5 லட்சத்து 80 ஆயிரம் பேர் வாழ்கிறோம். அந்த அலைக்கு நாங்கள் கடைசிப் படி. நூற்றாண்டுக்கு மேலாக மின்சாரம், ரயில், எஃகு என்று எல்லாமே முதலில் வந்து இறங்கிய ஊரை, வயல்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்கச் சொன்னது ஓர் அரசாணை. இந்த நகரத்தில் வாழ்பவனாகச் சொல்கிறேன், அது சரியான வரிசை. அந்த ஒரு நிபந்தனையால் ஜேர்மனியின் சமிக்ஞை இல்லாத இடங்கள் மறைந்துவிடவில்லை. ரயிலில் போகிறவர்களுக்கு அது நன்றாகவே தெரியும். ஆனாலும் வரிசையைத் தலைகீழாக்க முடியும் என்பதை அது காட்டியது.

பழைய 'சி' வலையமைப்பின் 450 மெகாஹெர்ட்ஸுக்கு என்ன ஆனது? 2000 முடிவில் அது அணைக்கப்பட்டது. 2021இல் அந்த அலைவரிசை மின்சார, நீர் விநியோகத்துக்கான தனி வலையமைப்பு ஒன்றுக்குக் கொடுக்கப்பட்டது. நாடே இருளில் மூழ்கினாலும் மின்நிலையங்கள் தமக்குள் பேசிக்கொள்ள வேண்டும் என்பதற்காக. அதன் பங்குதாரர்களில் ஒன்று எசனில் தலைமையகம் கொண்ட ஈ.ஓன். ஈ-பிளஸைத் தொடங்கிய ஃபேபாவின் வாரிசு அது. 35 ஆண்டுகளுக்கு முன் காரில் போகும் முதலாளிகள் பேசிய அலை இன்று எல்லோர் வீட்டு விளக்குக்கும் காவல் நிற்கிறது. அலை தீராது என்று சொன்னேன் அல்லவா? அதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

2019இல் 5ஜி ஏலம் 497 சுற்றுகள் நடந்து, ஏறத்தாழ 655 கோடி யூரோ கிடைத்தது. 2021இல், அத்தனை பணம் கொட்டிய மூன்றாம் தலைமுறைச் சேவையை ஜேர்மனியில் அணைத்துவிட்டார்கள். 2025 மார்ச்சில், முடியவிருந்த உரிமங்களை ஏலம் விடாமல் ஐந்து ஆண்டுகள் நீட்டித்தது ஒழுங்குமுறை ஆணையம். பதிலுக்குக் கேட்டது, 2030 முதல் நாட்டின் பரப்பளவில் 99.5 விழுக்காட்டில் விநாடிக்கு 50 மெகாபிட் வேகம். 2000இல் மக்கள்தொகையில் பாதி என்று எழுதியவர்கள், இப்போது பரப்பளவு என்று எழுதுகிறார்கள். தலைகளை எண்ணினால் நகரம் வெல்லும். நிலத்தை அளந்தால் கடைசி வீட்டையும் கணக்கில் எடுக்க வேண்டிவரும். எழுத்தோடு பழகிய உங்களுக்கு ஒரு சொல்லின் எடையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் நாட்டில் அடுத்த அலைக்கற்றைச் செய்தி வரும்போது, எத்தனை கோடிக்குப் போனது என்பதோடு நிறுத்தாதீர்கள். உரிமத்தில் எந்தச் சொல் எழுதப்பட்டிருக்கிறது என்றும் பாருங்கள்.

கேள்விகள் இருந்தால் பேசலாம்.