பத்து நாள் மௌனமும் மூன்று மூச்சும்

ஊ பா கின் துறவி அல்லர். விடுதலை பெற்ற பர்மாவின் தலைமைக் கணக்காயர். மாதக்கணக்கில் காட்டில் போய் உட்கார முடியாத குடும்பஸ்தர்களுக்காகப் பத்து நாள் முகாமாக விபாசனா என்னும் தியானம் கற்பித்தார். தீராத ஒற்றைத் தலைவலியோடு 1955இல் அவரிடம் போய்ச் சேர்ந்த வணிகர் எஸ்.என். கோயங்கா, 1969இல் அந்த விபாசனாவை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். மகாராஷ்டிரத்தின் இகத்புரி அதன் தலைமையிடமானது.

வியட்நாமின் திக் நாட் ஹான் துறவிதான். ஆனால் அவர் பேசியதும் வேலை நெருக்கடியில் இருந்தவர்களிடமே. போருக்கு நடுவே கிராமத் தொண்டு செய்துகொண்டிருந்த ஊழியர் ஒருவருக்கு, தாம் சொந்த நாட்டுக்குத் திரும்ப முடியாத நிலையில் 1974இல் அவர் எழுதிய நீண்ட கடிதம்தான் பிறகு உலகறிந்த நூலாயிற்று. பாத்திரம் கழுவும்போது கழுவுவதிலேயே மனம் இருக்கட்டும் என்று அவர் சொன்னதை வசதியானவர்களின் பொழுதுபோக்காக நினைப்பவர்கள், குண்டு விழும் ஊரில் இருந்தவருக்குச் சொன்னது அது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இந்த இரண்டு வழிகளுக்கும் வேர் புத்தர் சொன்ன மூச்சுக் கவனிப்பு. நேரமில்லாதவன் என்ன செய்வது என்பதில்தான் இருவரும் பிரிகிறார்கள். கோயங்கா பத்து நாளை மொத்தமாகக் கேட்கிறார். கைபேசி, புத்தகம், பேனா எதுவும் கூடாது, விடிகாலை நாலு மணிக்கு எழ வேண்டும், பேச்சு கிடையாது. முதல் மூன்று நாள் மூச்சு மட்டும். நாலாம் நாளிலிருந்து உடலின் உணர்ச்சிகள். அதன்பின் தினமும் மூன்று முறை, ஒரு மணி நேரம் அசையாமல் அமர வேண்டும். திக் நாட் ஹான் 1982இல் பிரான்சில் தொடங்கிய பிளம் வில்லேஜ் என்ற தியான மையத்திலோ நேரம் நாள் முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. மணியோசை கேட்டால் செய்வதை நிறுத்தி மூன்று மூச்சு. தொலைபேசி அடித்தாலும் அப்படியே. நடையும் அங்கே தியானம்தான். போய்ச் சேர வேண்டிய இடம் என்று ஒன்று அதற்குக் கிடையாது.

முழங்கால் வலிக்கும்போது வித்தியாசம் பளிச்சென்று தெரியும். கோயங்கா வழியில் அந்த வலிதான் பாடம்: வெறுக்காமல் பார், அதுவும் மாறும். திக் நாட் ஹான் மெல்ல நகர்ந்து உட்காரலாம் என்பார். கூடவே ஒரு புன்னகையும் கேட்பார். அமைதி தேடி இகத்புரிக்குப் போகிறவர்களுக்கு முதல் சில நாள் பெரும்பாலும் அவஸ்தைதான். அதில் ஏமாற்று எதுவுமில்லை. கோயங்காவுக்கு அமைதி ஒரு கருவி, வேண்டியது சமநிலை. நிதானத்தையே இன்பமாகக் கண்டவர் திக் நாட் ஹான்.

விபாசனா முகாமுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் தினக்கூலிக்காரருக்குப் பத்து நாள் கூலி போகும், கைக்குழந்தைக்காரியால் வாசலைத் தாண்டவே முடியாது. அவர்களுக்கு மூன்று மூச்சுதான் கைக்கெட்டும் என்பேன். அதிலும் ஒரு சிக்கல்: பிளம் வில்லேஜில் மணி அடித்தால் சுற்றியிருக்கும் எல்லோரும் நிற்கிறார்கள், வீட்டில் அடுப்படியில் ஒருத்தி மட்டும் நின்றால், குழம்பு என்ன ஆச்சு என்று உள்ளேயிருந்து குரல் வரும்.