நம் பள்ளத்தாக்கில் ஓடிய கண்ணுக்குத் தெரியாத வாய்க்கால்



கம்ப்யூட்டர் துறையில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர் போனில் பேசும்போது, "சார், வெளிநாட்டு ஆஸ்பத்திரியில எல்லாமே நெட்வொர்க்தான். நம்ம தேனிப் பக்கம் அதெல்லாம் வர இன்னும் எத்தனை வருஷமோ" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வருவது என்ன, இருபது வருஷத்துக்கு முன்பே வந்துவிட்டது. அமெரிக்கப் பேராசிரியர்கள் நம் ஆண்டிபட்டிக்கும் சின்னமனூருக்கும் வந்து பாடம் படித்துப் போயிருக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கே இது தெரியவில்லையே என்றுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

என் தலைமுறைக்குக் கண் ஆஸ்பத்திரி என்றால் மதுரைதான். 1976-ல் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி, அரசுப் பணியில் ஓய்வு பெற்ற 58 வயதில், மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பிறகு தேனியிலும் ஒரு கிளை வந்தது. அந்த நிறுவனத்தை வளர்த்தவர்களில் ஒருவரான டாக்டர் பெ. நம்பெருமாள்சாமி நம் தேனியை அடுத்த அம்பாசமுத்திரத்துக்காரர். திருநெல்வேலி அம்பாசமுத்திரம் இல்லை, இது நம்ம ஊர் அம்பாசமுத்திரம்.

ஊர் ஊராகக் கண் முகாம் நடந்ததை உங்களில் பலரும் பார்த்திருப்பீர்கள். பள்ளிக்கூட வராந்தாவில் பெஞ்சு போட்டு, பாட்டிமார்களை வரிசையில் உட்கார வைத்துப் பார்ப்பார்கள். நல்ல காரியம். ஆனால் தென் தமிழகக் கிராமங்களில் நடத்தி 1999-ல் வெளியான ஓர் ஆய்வு, கண் கோளாறு உள்ளவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 7 பேர்தான் முகாமுக்கு வருகிறார்கள் என்று சொன்னது. மீதி 93 பேர் முகாம் பக்கம் வரவில்லை.

ஏன் வரவில்லை என்று நம் ஊர்க்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. விடியற்காலை ஜீப் ஏறி கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போகிற அம்மாவுக்கு ஆஸ்பத்திரி என்றால் ஒரு நாள் கூலி போச்சு. துணைக்கு வரும் மகளுக்கும் கூலி போச்சு. பஸ் செலவு, சாப்பாட்டுச் செலவு தனி. அங்கே போனால் "ஒன்றுமில்லை, கண்ணாடி போட்டால் போதும்" என்பார்கள். அதற்கு இத்தனை அலைச்சலா என்று அடுத்த முறை போகமாட்டார்கள். அந்த அடுத்த முறைதான் கண்ணில் நீர் அழுத்தமோ, சர்க்கரையால் விழித்திரைப் பாதிப்போ இருந்திருக்கும்.

இதற்குத் தீர்வாக 2004 வாக்கில் அரவிந்த் 'விஷன் சென்டர்' என்ற சிறு கண் மையங்களை ஆரம்பித்தது. முதல் மையம் அம்பாசமுத்திரம். பிறகு போடி, ஆண்டிபட்டி, சின்னமனூர், பெரியகுளம் என்று வந்தன. மையத்தில் டாக்டர் இருக்கமாட்டார். பயிற்சி பெற்ற பெண் ஒருவர் கண்ணைச் சோதித்து, படம் எடுத்து, தேனியில் இருக்கும் டாக்டருக்கு அனுப்புவார். டாக்டர் திரையில் முகம் பார்த்து நோயாளியிடமே பேசுவார். அறுவை சிகிச்சை தேவைப்பட்டவர் மட்டும் பஸ் ஏறினால் போதும்.

ஆனால் படமும் பேச்சும் போக வழி வேண்டுமே! அன்றைக்கு நம் ஊரில் இருந்த டெலிபோன் இணையம், ஒரு போட்டோ இறங்குவதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம் என்ற வேகத்தில் இருந்தது. இங்கேதான் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் எரிக் புரூவரின் குழு வந்தது. இன்டெல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடமும் சேர்ந்துகொண்டது. குழுவில் லட்சுமிநாராயணன் சுப்ரமணியன் போன்ற இந்திய ஆய்வாளர்களும் இருந்தார்கள்.

அவர்கள் எடுத்துக்கொண்டது, இன்று உங்கள் வீட்டில் இருக்கும் அதே வைஃபை. அதன் கருவி விலை குறைவு. 2005 ஜனவரியில் மத்திய அரசு அந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமம் இல்லாமல் வெட்டவெளியிலும் பயன்படுத்த அனுமதித்ததும் உதவியாக இருந்தது. ஆனால் வைஃபை ஒரு வீட்டுக்குள் வேலை செய்யப் பிறந்தது. பத்து, பதினைந்து கிலோமீட்டருக்கு அதை எப்படி இழுப்பது?

வகுப்பறையில் சொல்வது போலச் சொல்கிறேன். வைஃபை ஒரு துண்டுச் செய்தியை அனுப்பிவிட்டு "கிடைத்தது" என்ற பதிலுக்காகக் காத்திருக்கும். பதில் குறித்த நேரத்தில் வராவிட்டால், போய்ச் சேரவில்லை என்று நினைத்து மறுபடி அனுப்பும். தூரம் அதிகமானால் பதில் வர நேரமாகும். அதற்குள் இது மறுபடி மறுபடி அனுப்பும். இரண்டு முனைகளும் ஒரே நேரத்தில் பேசிக் குழம்பும். பெர்க்லி குழு என்ன செய்தது? இந்த நேரத்தில் நீ பேசு, அடுத்த நேரத்தில் நான் பேசுகிறேன் என்று முறை வைத்தது. பதிலையும் ஒவ்வொன்றாகக் கேட்காமல் மொத்தமாகக் கேட்கச் சொன்னது. நம் வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைப்பது போலத்தான். முறை வந்ததும் சண்டை நின்றது, தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேர்ந்தது.

கோபுரங்கள் 24 முதல் 42 மீட்டர் உயரம். ஒரு நூல் மில் வளாகத்தின் மின் நிலையப் புகைபோக்கி மேலேயும் ஒரு ஆன்டெனா ஏறியது. ஆண்டிபட்டிக்குப் போன இணைப்பு ஏறக்குறைய 15 கிலோமீட்டர். வினாடிக்கு 6 மெகாபிட் வரை வேகம் கிடைத்தது. முகம் பார்த்துப் பேச அது தாராளம். 2006 ஜூனில், 5 மருத்துவமனைகளோடு 50 மையங்களை இணைப்போம் என்று திட்டம் அறிவித்தார்கள். அடுத்த மாதம், ஜூலை 7-ல், டாக்டர் வெங்கடசாமி காலமானார். இன்று அரவிந்தின் கண் மையங்கள் நூறைத் தாண்டிவிட்டன.

இனிமேல்தான் முக்கியமான பாடம். அந்த ஆய்வாளர்கள் 2008-ல் எழுதிய கட்டுரையில், வேகத்தை விட நிலைத்து ஓட வைப்பதுதான் பெரும்பாடு என்று ஒளிக்காமல் எழுதினார்கள். நம் கிராமத்துக் கரண்ட்டை அளந்து பார்த்து ஆடிப்போய்விட்டார்கள். ஒரு நொடியில் ஆயிரம் வோல்ட்டைத் தொடும், இன்னொரு நேரம் 70 வோல்ட்டுக்குக் கீழே படுத்துவிடும். கருவி எரியும், அல்லது உயிர் இருந்தும் அசையாமல் நிற்கும். அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு இதை எழுப்ப முடியாது. ஆகவே கருவி தானே அணைந்து தானே எழும்படி மாற்றினார்கள். மின்சாரத்தைச் சீராக்கினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளூர்ப் பணியாளர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். கேபிள் கழன்றிருக்கிறதா, எந்த விளக்கு எரிகிறது, யாரைக் கூப்பிட வேண்டும் என்பதை நம் பிள்ளைகள் கற்றுக்கொண்ட பிறகுதான் அது நிலையான வலையாயிற்று. பெரியாறு அணையைப் பென்னிகுயிக் கட்டினார் என்று கும்பிடுகிறோம். ஆனால் தினமும் ஷட்டரைப் பார்க்கிற ஆள் இல்லாவிட்டால் வயலுக்குத் தண்ணீர் ஏது?

வலை நின்றால் என்ன ஆகும் என்பதை என் அக்கா விஷயத்தில் கண்டேன். சில வருஷங்களுக்கு முன் வெளியூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். "சர்வர் டவுன்" என்றார்கள். அக்காவுக்கு எந்த ஊசி ஒத்துக்கொள்ளாது என்பது அந்த கம்ப்யூட்டருக்குள்தான் இருந்தது. பணியிலிருந்த நர்ஸ் அம்மா நல்லவர். ஊசி போடும் முன் நின்று கேட்டார். அக்காவின் மகள் கையில் ஒரு நோட்டு வைத்திருந்தாள், அதில் பென்சிலின் ஆகாது என்று எழுதியிருந்தது. அதனால் அக்கா பிழைத்தாள்.

நிலைத்து ஓடுவது ஒரு பாதி என்றால், பூட்டிக் காப்பது மறுபாதி. 2017 மே மாதம் 'வான்னாகிரை' என்ற வைரஸ் உலகமெங்கும் பரவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வகை அது. இங்கிலாந்தின் அரசு மருத்துவ அமைப்பில் 19,000-க்கும் மேற்பட்ட சந்திப்புகள் ரத்தாகியிருக்கும் என்று பின்னர் மதிப்பிட்டார்கள். அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அதைப் போடாத கம்ப்யூட்டர்கள்தான் மாட்டின.

நம் நாட்டில் 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் இதே மாதிரி நடந்தது. 5 சர்வர்கள், சுமார் 1.3 டெராபைட் தகவல் பூட்டப்பட்டன. ஏறக்குறைய இரண்டு வாரம் சீட்டு முதல் ரிப்போர்ட் வரை கையால் எழுதினார்கள். வலையைச் சரியாகப் பகுதி பகுதியாகப் பிரித்து வைக்காததே காரணம் என்று நாடாளுமன்றத்தில் அரசு சொன்னது. விவசாயி வீட்டுப் பிள்ளைகளுக்கு இது உடனே புரியும். ஒவ்வொரு வயலுக்கும் தனி மடை இருந்தால், ஒரு வரப்பு உடைந்தால் ஒரு வயல்தான் போகும். வரப்பே இல்லாவிட்டால் மொத்தமும் மூழ்கும். அங்கே காப்பாற்றியது எது தெரியுமா? பாதிக்கப்படாத ஒரு மாற்றுச் சர்வரில் இருந்த நகல். விதை நெல்லைத் தனியாக எடுத்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

ஆகவே ஆஸ்பத்திரிகளில் வேலை பார்க்கும் என் பிள்ளைகளுக்கு, நர்ஸாக, லேப் டெக்னீஷியனாக, கம்ப்யூட்டர் பிரிவில் இருப்பவர்களுக்கு, இந்தக் கிழவாத்தியார் சொல்வது இதுதான். பாஸ்வேர்டை மானிட்டரில் சீட்டு எழுதி ஒட்டாதீர்கள். காத்திருப்பவர்களுக்குத் தரும் வைஃபையும் நோயாளி விவரம் ஓடும் வலையும் ஒன்றாக இருக்க வேண்டாம். திருத்தம் வந்தால் தள்ளிப்போடாதீர்கள். நகல் எடுப்பதோடு நிறுத்தாமல், அது திறக்கிறதா என்றும் பாருங்கள். வலை நின்றால் தாளில் எப்படி நடத்துவது என்று வருஷத்துக்கு ஒருமுறையாவது ஒத்திகை பாருங்கள்.

உறவுகளுக்கு: நோய் விவரம் நம் மானம் சம்பந்தப்பட்டது. ஸ்கேன் ரிப்போர்ட்டைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து பேசுகிறோம் என்று யார் ஓடிபி கேட்டாலும் சொல்லாதீர்கள். மருந்து, ஒவ்வாமை, பழைய ஆபரேஷன் விவரங்களை ஒரு நோட்டில் எழுதிப் பையில் வையுங்கள்.

அந்த ஐந்து மையங்களில் கண் பார்த்துக்கொண்டவர்கள், அல்லது அங்கே வேலை பார்த்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் கீழே எழுதுங்கள். நம் ஊர் வரலாற்றை நாம்தான் எழுதி வைக்க வேண்டும். நாற்பது வயது தாண்டியவர்கள் வருஷம் ஒருமுறை கண்ணைக் காட்டிவிடுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் கட்டாயம்.

எல்லோரும் நலமாக இருங்கள்.