இளவட்டக்கல் தூக்க முடியாத இடம்

கோவில்பட்டி வட்டாரம் உட்பட தென்மாவட்டத்துப் பழைய ஊர்கள் பலவற்றில் கோவில் முன்னாலோ சாவடிப் பக்கமோ உருண்டையாக ஒரு கல் கிடக்கும். அதுதான் இளவட்டக்கல். வழுவழுவென்று இருக்கும், பிடிக்க விளிம்பே கிடையாது. அதைத் தொடைக்கு ஏற்றி, நெஞ்சோடு அணைத்து, தோளுக்கு மேலே கொண்டுபோய்ப் பின்பக்கம் போட்டுவிட்டால் பையன் இளவட்டம் ஆகிவிட்டான் என்று அர்த்தம். தூக்கினவனுக்குத்தான் பெண் என்ற பேச்சும் உண்டு. கரிசக்காட்டில் இது வெறும் வீம்பு இல்லை. கமலை இறைக்கவும், பருத்திப் பொதி சுமக்கவும், மழை பெய்தால் காலோடு அப்பிக்கொண்டு வரும் கரிசல் மண்ணில் நடக்கவும் சதையில் பலம் வேண்டும்.

இதே கல்லை விண்வெளி நிலையத்துக்குள் கொண்டுபோனால் ஒரு விரலால் தள்ளிவிடலாம்! (மெதுவாகத்தான் நகரும். கல்லின் நிறை அப்படியேதான் இருக்கிறது, எடைதான் இல்லை.) அப்படிப்பட்ட இடத்தில் சதைக்கு என்ன வேலை? உடம்பிலேயே ஓயாமல் உழைக்கிற சதையான இதயத்துக்கு என்ன ஆகும்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடி அறுபது வருடம் ஓடிவிட்டது. அதில் இந்தியாவுக்கும் இரண்டு அத்தியாயம் உண்டு.

முதலில் ஒரு சின்ன விளக்கம். விண்வெளியில் ஈர்ப்பு விசை இல்லை என்று பலரும் நினைக்கிறார்கள். அது தவறு. சர்வதேச விண்வெளி நிலையம் சுற்றும் 400 கிலோமீட்டர் உயரத்தில் பூமியின் ஈர்ப்பு சுமார் 90 சதவீதம் இருக்கிறது. ஆனால் நிலையமும் உள்ளே இருப்பவர்களும் பூமியைச் சுற்றி ஒன்றாக விழுந்துகொண்டே இருக்கிறார்கள். திருவிழா ராட்டினம் மேலிருந்து இறங்கும்போது அடிவயிறு ஒரு நொடி லேசாகுமே, அது மாதக்கணக்கில் நீடித்தால் எப்படி இருக்கும்? அதுதான் எடையின்மை.

1966 பிப்ரவரியில் சோவியத் யூனியன் வெதெரோக், உகோல்யோக் என்ற இரண்டு நாய்களை காஸ்மோஸ் 110 கலத்தில் அனுப்பியது. 22 நாள் கழித்துத் திரும்பி வந்தபோது அவை மெலிந்து, சதை குறைந்து, சரியாக நடக்க முடியாமல் இருந்தன. மனிதர்களுக்கு என்ன ஆகும் என்பது 1970 ஜூனில் தெரிந்தது. சோயூஸ் 9 கலத்தில் கிட்டத்தட்ட 18 நாள் இருந்த நிகோலாயெவ், செவஸ்தியானோவ் இருவரும் தரையிறங்கிய பிறகு சுயமாக எழுந்து நிற்கவே சிரமப்பட்டார்கள். போகும்போது திடகாத்திரமாகப் போனவர்கள், வரும்போது தூக்கிக்கொண்டு போகவேண்டிய நிலை. அதற்குப் பிறகுதான் விண்வெளியில் உடற்பயிற்சி என்பது கட்டாயப் பாடமானது. 1973-74ல் அமெரிக்காவின் ஸ்கைலாப் நிலையத்தில் சைக்கிள் மிதித்தார்கள். கடைசிக் குழு, வழுக்கும் தகடு ஒன்றின் மேல் ரப்பர் வாரால் உடம்பைக் கட்டிக்கொண்டு "நடந்தது".

காரணம் என்ன? நாம் சும்மா நிற்கும்போதுகூட கெண்டைக்கால் சதையும் முதுகுச் சதையும் நம்மைத் தாங்கிக்கொண்டு இருக்கின்றன. மேலே அந்த வேலை இல்லை. மாவுக்கட்டு பிரித்த கால் குச்சி மாதிரி இருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். இதயத்தின் கதை கொஞ்சம் வேறு. பூமியில் காலில் தேங்கும் ரத்தத்தை மேலே இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். எடை போனதும் ரத்தமும் நீரும் தலைப்பக்கம் ஏறிவிடும், முகம் உப்பும், கால் சூம்பும். உடம்பு "தண்ணீர் அதிகமாகிவிட்டது" என்று நினைத்து வெளியேற்றும். மொத்த ரத்த அளவு குறையும், இதயத்தின் வேலையும் குறையும். வேலை குறைந்த சதை சுருங்கத்தானே செய்யும்!

இந்த இடத்தில்தான் இந்தியாவின் முதல் அத்தியாயம். 1984 ஏப்ரல் 3 அன்று ராகேஷ் சர்மா சோயூஸ் டி-11ல் ஏறி சல்யூட் 7 நிலையத்துக்குப் போனார். பள்ளிக்கூட வினாவிடையில் அதோடு கதை முடிந்துவிடும். அவர் அங்கே என்ன செய்தார் என்று யாரும் கேட்பதில்லை. எடையின்மையில் தளரும் சதைக்கு யோகாசனம் உதவுமா என்று தன் உடம்பிலேயே பார்த்தார். இதயம் பற்றிய சோதனைகளிலும் பங்கெடுத்தார். பொருத்தமாக அப்போது அந்த நிலையத்தில் ஓர் இதய மருத்துவரே குடியிருந்தார். ஒலெக் ஆத்கோவ் என்ற அவர் கிஸிம், சொலோவ்யோவ் ஆகியோருடன் அங்கே சுமார் 237 நாள் இருந்தார். யோகா செய்தி இங்கே பெருமையாகப் பேசப்பட்டது, ஆனால் உண்மையைச் சொன்னால் ஒரே ஒருவரை வைத்து எட்டு நாளில் எந்த முடிவுக்கும் வர முடியாது. கேட்கப்பட்ட கேள்வி நல்ல கேள்வி, அவ்வளவுதான்.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. விண்வெளி வீரருக்குச் சதை குறைகிறது என்றால் அதற்கு எடையின்மைதான் காரணமா? சாப்பாடு, தூக்கம், பதற்றம், ஹார்மோன் என்று ஆயிரம் இருக்கிறதே! முழு மனிதனை வைத்து இதைப் பிரித்துப் பார்க்க முடியாது. அதனால் ஆராய்ச்சி செல்லுக்குள் இறங்கியது. ஹெர்மன் வாண்டன்பர்க் குழுவினர் பறவைத் தசைச் செல்களை ஆய்வகத்தில் சின்னச் சின்னச் சதைத் துண்டுகளாக வளர்த்து, விண்வெளி ஓடத்தில் 9, 10 நாள் அனுப்பினார்கள். 1999ல் முடிவு வந்தது. மூளையும் ஹார்மோனும் இல்லாத அந்தத் துண்டுகளும் மெலிந்திருந்தன. பழைய புரதம் வேகமாகச் சிதையவில்லை, புதுப் புரதம் உண்டாவதுதான் குறைந்திருந்தது. இந்த வரலாற்றில் ஒரு சோதனையை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதைத்தான் சொல்ல வேண்டும். சுமை போய்விட்டது என்பது தனிச் செல்லுக்கே தெரிகிறது!

2016ல் ஜப்பானியர்கள் மறுபக்கத்திலிருந்து பார்த்தார்கள். விண்வெளி நிலையத்தில் 12 எலிகளை 35 நாள் வைத்தார்கள். ஆறு எலிகள் மிதந்தன, ஆறு எலிகள் சுழலும் கூண்டில் பூமியளவு "எடை"யோடு வாழ்ந்தன. மிதந்தவற்றின் கெண்டைக்கால் சதை குறைந்தது, சுழன்றவற்றுக்குக் குறையவில்லை. பயணம், சாப்பாடு எல்லாம் ஒன்றே, எடை மட்டும்தான் வித்தியாசம்.

அதே 2016ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம், ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த மனித இதயச் செல்களை அனுப்பியது. தட்டில் துடித்துக்கொண்டே போன செல்களை நிலையத்தில் பராமரித்தவர் கேட் ரூபின்ஸ். 2019ல் வெளியான முடிவில் 2,635 மரபணுக்களின் செயல்பாடு மாறியிருந்தது. செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா சம்பந்தப்பட்டவையும் அவற்றில் இருந்தன. பூமிக்கு வந்து பத்து நாளில் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டன, முழுக்க இல்லை. 2020ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் அனுப்பிய 48 இதயத் திசு மாதிரிகள் 30 நாளில் துடிப்பின் வலுவில் ஏறக்குறைய பாதியை இழந்தன, துடிப்பின் தாளமும் தவறியது.

உடற்பயிற்சி செய்தால் போதாதா என்று கேட்கலாம். 340 நாள் மேலே இருந்த ஸ்காட் கெல்லி வாரத்தில் ஆறு நாள் பயிற்சி செய்தார். அப்படியும் அவருடைய இதயத்தின் இடது கீழறை நிறையில் சுமார் 27 சதவீதம் குறைந்தது. இதயம் ஒழுங்காகவே வேலை செய்தது என்பது ஆறுதல்.

இரண்டாவது இந்திய அத்தியாயம் 2025ல். ஆக்ஸியம் 4 பயணத்தில் ஜூன் 25 அன்று புறப்பட்ட சுபான்ஷு சுக்லா, பெங்களூரு இன்ஸ்டெம் நிறுவனத்தின் தசைச் செல்களைக் கையாண்டார். மேலே தசை மீண்டும் வளர்வது ஏன் தடைப்படுகிறது, ஊட்டப் பொருட்கள் கொடுத்தால் சரியாகுமா என்பதுதான் கேள்வி. ராகேஷ் சர்மா உடம்பை வளைத்துக் கேட்டதையே 41 வருடம் கழித்து செல்லிடம் கேட்டிருக்கிறார்கள். விடை கிடைத்தால் படுத்த படுக்கையாகிச் சதை வற்றும் முதியவர்களுக்கும் உதவலாம் என்பது எதிர்பார்ப்பு. ஜூலை 15 அன்று திரும்பிய சுக்லா, மடிக்கணினியை மூடி மிதக்கும் என்ற நினைப்பில் கட்டிலுக்கு வெளியே தள்ளிவிட்டாராம். கைப்பேசிகூடக் கனமாகத் தெரிந்ததாம்!

கோவில்பட்டிக்குத் தெற்கே, நெல்லை மாவட்டத்து மகேந்திரகிரியில்தான் ககன்யான் ராக்கெட்டின் விகாஸ் எஞ்சினும் கிரையோஜெனிக் எஞ்சினும் மனிதப் பயணத்துக்குத் தகுதியானவையா என்று சோதிக்கப்பட்டன. ககன்யான் திட்டமிட்டிருப்பது மூன்று நாள் பயணம். மூன்று நாளில் கெண்டைக்கால் பெரிதாக வற்றிவிடாது. 2035க்குள் அமைக்கத் திட்டமிடப்பட்டிருக்கும் பாரதிய அந்தரிக்ஷ் நிலையத்தில் மாதக்கணக்கில் தங்கப்போகிறவர்களுக்குத்தான் அந்தத் தசைச் செல்களின் பதில் தேவைப்படும்.